பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

அந்த வெள்ளிக்கிழமை முற்பகல், எருமப்பட்டி ரோட்டில் இருக்கும் லாரி பாடி கட்டும் பட்டறையின் ஆபீஸ் அறையில் இருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். பட்டறை முதலாளி சின்னண்ணன். அவர் மகன் குணசீலன். மருமகள் சௌந்தர்யா. காலொடிந்து நாமக்கல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த காத்தானின் மனைவி அங்கம்மாள். காத்தானின் தம்பி பச்சமுத்து. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக உட்கார வந்த வெங்கடாசலம். ஏழாவது ஆள், கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க நாமக்கல்லிலிருந்து வந்த அன்புச்செல்வி. கதவு சாத்தியிருந்தது. வெல்டர்கள் எல்லாரும் வெளியே கொட்டகையில் நின்றார்கள். இந்த ஏழு பேரைத் தவிர வேறு யாராவது அங்கே இருந்து கண்ணால் பார்த்ததாக இன்றைக்குச் சொன்னால், அது பொய்.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி வாக்கில் காத்தான் மொபெட்டில் தவிட்டு மூட்டையை வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். பின்னால் வந்த லாரி ஒன்று அவனை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. வலது தொடை எலும்பு இரண்டாக ஒடிந்துவிட்டது. நம்பரை அவன் பார்க்கவில்லை. மண்ணில் விழுந்து கிடந்தவன் கண்ணில் பட்டது நிறம் மட்டும்தான். பெயின்ட் அடிக்காத புதுப் பாடி. துருப் பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு மட்டும் பூசி, சூளையில் வெந்த செங்கல் மாதிரி இருந்தது என்றான்.

அந்த நிறத்தில் ஒரு லாரி ரோட்டில் ஓடினால் அது ஏதோ ஒரு பட்டறையிலிருந்து வெள்ளோட்டம் போகிறது என்று நாமக்கல் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அன்றைக்கு எருமப்பட்டியில் ரெட் ஆக்சைடு பூசி நின்றது சின்னண்ணன் பட்டறை லாரி ஒன்றுதான். வெள்ளோட்டம் ஓட்டுகிறவன் குணசீலன்தான். இந்த இரண்டையும் சேர்த்து ஊர் ஒரு கணக்குப் போட்டுவிட்டது.

குணசீலன் இல்லை என்றான். லாரி அன்றைக்குக் கேட்டையே தாண்டவில்லை. பின்கதவுக்கு வெல்டிங் ஆகிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். பட்டறையில் நான்கு கேமரா இருக்கிறது, வந்து பாருங்கள் என்றான். வியாழக்கிழமை சாயங்காலம் பச்சமுத்துவையும் வெங்கடாசலத்தையும் கூட்டிக்கொண்டு வந்து ஆபீஸ் அறையைத் திறந்தால், கேமராப் பதிவெல்லாம் இருக்கும் கம்ப்யூட்டர் கறுத்த திரையில் வெள்ளை எழுத்து ஒரு வரி காட்டிக்கொண்டு நின்றது. எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் அதே வரிதான். சௌந்தர்யா படித்துச் சொன்னாள். தொடங்குவதற்கான டிஸ்க் கிடைக்கவில்லையாம்.

பச்சமுத்து அதற்குச் சிரித்த சிரிப்பு சின்னண்ணன் காதில் இன்னும் இருந்தது. போலீசுக்குப் போகிறேன் என்று கிளம்பியவனை வெங்கடாசலம்தான் கையைப் பிடித்து நிறுத்தினார். வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணி வரைக்கும் பொறு, அதற்குள் பெட்டி எழுந்தால் பார்ப்போம், எழாவிட்டால் உன் இஷ்டம் என்றார். அதற்குள் பெட்டி இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது பச்சமுத்து போட்ட நிபந்தனை.

சின்னண்ணன் இரும்பு நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தாறு வருஷமாகப் பட்டறை நடத்துகிறவர். அவர் கட்டிய பாடி கல்கத்தா வரைக்கும் ஓடுகிறது. ஒரு வண்டிக்காவது தகடு மெல்லிசாகப் போட்டார் என்று யாரும் சொன்னதில்லை. அந்தக் குடும்பத்து ஆள் ஒருவன் மனுஷனை இடித்துப் போட்டுவிட்டு ஓடினான் என்று சொல்ல இடம் வந்துவிட்டதே என்று நேற்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அவருக்கு இருந்த பயம் அது ஒன்று மட்டும் அல்ல. அந்த அறையில் அவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கியது அவர்தான்.

புதன்கிழமை ஆயுத பூஜை. மற்ற பட்டறைகளில் பூஜை முடிந்து பொரி வாயில் இருக்கும்போதே அவசர வேலை என்று வெல்டிங் வைத்துவிடுவார்கள். சின்னண்ணன் பட்டறையில் அது நடக்காது. பொட்டு வைத்த ஆயுதம் அன்றைக்கு வேலை செய்யக் கூடாது. மறுநாள் விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். கம்ப்ரெசர், டிரில்லிங், கட்டிங் மெஷின், வெல்டிங் செட், எதுவும் மூச்சு விடாது. மெயினையே இறக்கிவிடுவார். ஆபீஸ் கம்ப்யூட்டர் மட்டும் இத்தனை வருஷமும் அந்தக் கணக்கில் வரவில்லை. அது யூபிஎஸ்ஸில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், டிவி மாதிரி ஒரு பெட்டி. இந்த வருஷம் சௌந்தர்யா துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்து ஒரு செவ்வந்திப் பூவையும் சொருகிவிட்டாள். பொட்டு வைத்தால் அதுவும் ஆயுதம்தான். எல்லாரும் சாப்பிடப் போனபிறகு, தேங்காய்த் தட்டை எடுக்க வந்த சின்னண்ணன் அது முணுமுணுவென்று ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டார். மனசு கேட்கவில்லை. குனிந்து யூபிஎஸ்ஸிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார்.

வியாழன் காலை ஆறேகாலுக்கு நல்ல நேரத்தில் அவரே வந்து பிளக்கைச் சொருகி பட்டனை அமுக்கினார். அப்போதே அந்த வெள்ளை வரிதான் வந்தது. சற்று நேரத்தில் சரியாகும் என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு மத்தியானம்தான் காத்தான் மயக்கம் தெளிந்து நிறத்தைச் சொல்லியிருக்கிறான். பச்சமுத்து சிரித்தபோது அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அடுத்த நாளைக்கு அது இன்னும் கனமாகிவிட்டது.

அன்புச்செல்வி முப்பத்தைந்து வயது இருக்கும். வந்தவுடன் காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். கேபிளைப் பிடுங்கி வேறு கேபிள் போட்டாள். வேறு துளையில் சொருகிப் பார்த்தாள். டிஸ்க்கின் மேல் காதை வைத்துக் கேட்டாள். அறையில் யாரும் அசையவில்லை. வைத்தியர் நாடி பார்க்கும்போது வீட்டார் நிற்பதுபோல் நின்றார்கள்.

"சுத்துதுங்க. டிஸ்க் உயிரோட இருக்குது," என்றாள்.

அங்கம்மாள் அப்போதுதான் மடியில் இருந்த எக்ஸ்ரே கவரைப் பெஞ்சின் மேல் வைத்தாள்.

அன்புச்செல்வி டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை தேதி போட்ட கோப்புகள் வரிசையாக இருந்தன. ஆனால் ஒன்றுகூடத் திறக்கவில்லை. கேமராக் கம்பெனிக்காரன் போட்ட பூட்டு அது. இந்தப் பெட்டி எழுந்து அவனுடைய புரோகிராம் ஓடினால்தான் படம் தெரியும் என்றாள். கண்ணெதிரே இருக்கிறது, பார்க்க முடியவில்லை. குணசீலன் சுவரில் சாய்ந்து தலையைப் பின்னால் முட்டிக்கொண்டான்.

டிஸ்க்கைத் திரும்பப் பெட்டியில் மாட்டி, தொடங்கும்போதே ஒரு விசையை அமுக்கி நீல நிறப் பக்கம் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதில் டிஸ்க்கின் பெயர் இருந்தது. பெட்டிக்கு டிஸ்க் தெரிகிறது, ஆனால் அதிலிருந்து எழ மாட்டேன் என்கிறது. மூலையில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டு அவள் கை நின்றது. ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்துப் பதினான்கு.

"கரண்ட் போச்சுங்களா? யாராச்சும் முழுசா அமத்துனீங்களா?"

குணசீலன் இல்லவே இல்லை என்றான். நாலு வருஷமாக யூபிஎஸ், அதற்கு மேல் இன்வெர்ட்டர், ஒரு நிமிஷம்கூட அணைந்ததில்லை என்று அடித்துச் சொன்னான். சௌந்தர்யாவும் தலையாட்டினாள். அவர்கள் இருவருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். சின்னண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றேமுக்கால்.

"பெரியவரைக் கேளும்மிணி," என்றார் வெங்கடாசலம், சும்மா ஒரு பேச்சுக்கு.

"எனக்கென்ன தெரியும் இதெல்லாம்," என்றார் சின்னண்ணன். சொன்னது அவர் வாய்தான்.

அணையாமலே தேதி போயிருந்தால் போர்டிலேயே கோளாறு. இல்லையென்றால் டிஸ்க்கில் தொடங்கும் பகுதி கெட்டிருக்க வேண்டும் என்று அன்புச்செல்வி சொன்னாள். அடுத்த அரை மணி நேரம் எதையெதையோ செய்து பார்த்தாள். அந்த வரி மாறவில்லை. மின்விசிறி காற்றில் அங்கம்மாளின் எக்ஸ்ரே கவர் படபடத்தது. பச்சமுத்து இரண்டு தடவை செல்போனில் மணி பார்த்தான்.

"ஏம்மிணி, அதைக் கட்டிக்கிட்டு மாரடிக்கறே," என்றான் அவன். "எந்திரிக்க மாட்டேங்கறது பெட்டியா, பெட்டிக்காரங்களான்னு ஊருக்கே தெரியுமே."

குணசீலன் அவனை நோக்கி ஓரடி வைத்தான். வெங்கடாசலம் கைத்தடியைக் குறுக்கே நீட்டினார்.

சின்னண்ணன் தன் மகனைப் பார்த்தார். நேற்றிலிருந்து அவர் செய்யாத காரியம் அது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் பட்டறையில் இல்லை. பூசணிக்காயும் பொரியும் வாங்க நாமக்கல் போயிருந்தார். லாரி கேட்டைத் தாண்டவில்லை என்பதற்கு அவரிடம் இருந்தது மகன் சொன்ன சொல் ஒன்றுதான். நெசமாடா என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்பட்டதாகிவிடும், கேட்காமல் இருந்தாலும் சந்தேகம் போகவில்லை. நேற்று ராத்திரி படுக்கையில் ஒரு நினைப்பு வந்தது. இந்தப் பெட்டி எழாமலே போனால் யாராலும் எதையும் காட்ட முடியாது. மகன் செய்திருந்தாலும் தெரியாது. அந்த நினைப்பு வந்ததற்காக எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். ஆனாலும் அது போகவில்லை. பிளக் விஷயத்தை அவர் சொல்லாததற்கு மானம் ஒன்று மட்டும் காரணம் என்று இப்போது அவராலேயே சொல்ல முடியவில்லை.

அன்புச்செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாரையும் பொதுவாகப் பார்த்தாள்.

"இனி ஒரு வழிதானுங்க இருக்குது. டிஸ்க்குல தொடங்கற பகுதிய அழிச்சுட்டுப் புதுசா எழுதோணும். எழுந்தா எழும். தப்பாப் போச்சுன்னா உள்ள இருக்கற பதிவும் போயிரும். முன்னாடியே ஒரு காப்பி எடுத்துட்டுச் செய்யறதுதான் முறை. அதுக்கு நாளைக்குச் சாயங்காலம் ஆயிரும்."

நாளைக்கு என்ற பேச்சே ஆகாது என்றான் பச்சமுத்து. காப்பி எடுக்கிற சாக்கில் எதை எடுப்பார்கள், எதைச் சேர்ப்பார்கள் என்று யார் கண்டது. எழுதுவதாக இருந்தால் இப்போதே எழுதட்டும், போனால் போகட்டும், போலீஸ் இருக்கிறது என்றான்.

அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்த அங்கம்மாள் அன்புச்செல்வியிடம் கேட்டாள்.

"அழிஞ்சுதுன்னா, எங்கூட்டுக்காரரை இடிச்சது யாருன்னு எப்பவுமே தெரியாதுங்களா?"

"இதுல இருந்து தெரியாதுங்க்கா."

குணசீலன் மேசையருகே வந்து பெட்டியின் மேல் கையை வைத்தான். தொடாதே என்று தடுப்பதுபோல் இருந்தது.

"வேண்டாம். அழிக்க வேண்டாம்," என்றான். "என்னைப் போலீஸ்ல புடிச்சுக் குடுத்தாலும் பரவால்ல. நாளைக்கோ நாளன்னைக்கோ காப்பி எடுத்துட்டே செய்யுங்க. இது போச்சுன்னா எனக்குன்னு சாட்சி சொல்ல இந்த உலகத்துல ஒண்ணும் இல்லை. எங்கப்பாவே நேத்திருந்து என் மூஞ்சியப் பாக்கலைங்க."

சௌந்தர்யா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சின்னண்ணனுக்கு ஒன்று பிடிபட்டது. செய்தவன் இப்படிப் பேச மாட்டான். அழியட்டும் என்றுதான் நிற்பான். தன் மகனுக்கு இருக்கிற ஒரே சாட்சியின் வாயை இரண்டு நாளாகப் பொத்திக்கொண்டிருப்பது தன் கைதான் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. எதிரே பச்சமுத்து. பக்கத்தில் நாற்பது வருஷம் அவர் வார்த்தையை எடைபோடாமல் வாங்கிய வெங்கடாசலம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் எனக்கென்ன தெரியும் என்று சொல்லியிருந்தார். பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டுதான் உண்மையைச் சொல்ல முடியும்.

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வேட்டியைச் சரிசெய்தார்.

"அம்மிணி, கொஞ்சம் பொறு. பொட்டி அமந்துதான் இருந்துச்சு. புதன்கிழமை மத்தியானம் பிளக்கைப் புடுங்குனது நான்தான்."



"அப்படி வாங்க வழிக்கு," என்றான் பச்சமுத்து மெதுவாக. "கேட்டுக்குங்க வெங்கடாசலண்ணா. நான் சொன்னா ஏழை சொல், அம்பலம் ஏறாது."

"எதுக்குச் சின்னண்ணா?" என்றார் வெங்கடாசலம்.

"ஆயுத பூஜை. பொட்டு வெச்சிருந்துச்சு. பொட்டு வெச்சது ஓடக் கூடாதுன்னு நிறுத்துனேன். காத்தானுக்கு அடிபட்டது எந்த வண்டியிலன்னு அப்ப எனக்குத் தெரியாது. நேத்தே சொல்லியிருக்கோணும், சொல்லலை. இப்பக் கேட்டப்பவும் தெரியாதுன்னு பொய் சொன்னேன். தப்பு என் பேர்ல."

பொட்டு வைத்தது நான்தான் என்று சௌந்தர்யா சொல்ல வந்தாள். சின்னண்ணன் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். பச்சமுத்து இன்னும் ஏதோ சொல்லத் தொடங்கினான். ஆனால் அன்புச்செல்விக்கு அந்த மானம் அவமானம் எதுவும் காதில் விழவில்லை. அவள் முகம் வேறாகிவிட்டது.

"ஐயா, பட்டனை மட்டும் அமுக்குனீங்களா, பிளக்கையே எடுத்துட்டீங்களா?"

"பிளக்கையே எடுத்து, வயரைச் சுருட்டி மேல வெச்சேன்."

"காலைல வரைக்குமா?"

"மறுநாள் ஆறேகால் வரைக்கும்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சிரித்தாள். அழிக்கவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம் என்றாள். போர்டில் ஒற்றை ரூபாய் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் தேதியையும், டிஸ்க்கை எந்த முறையில் தேட வேண்டும் என்பதையும் பெட்டி மறக்காமல் வைத்திருப்பது அதுதான். அந்தப் பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது. பெட்டி அணையாமலே ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை. ஒரு ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாமல் கிடந்ததும் எல்லாம் மறந்து, கம்பெனியில் செய்த நாள் மாதிரி ஆகிவிட்டது. டிஸ்க் பழைய முறையில் எழுதியது. பெட்டி அதைப் புது முறையில் தேடிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் கோளாறு.

"இதைக் காலைலயே சொல்லியிருந்தீங்கன்னா பத்து நிமிஷ வேலைங்கய்யா," என்றாள்.

பையிலிருந்து புதுப் பேட்டரி ஒன்றை எடுத்து மாற்றினாள். நீலப் பக்கத்தைத் திறந்து தேதியை வைத்தாள். ஓரிடத்தில் புது முறை என்றிருந்ததைப் பழைய முறைக்கு மாற்றினாள். அந்தப் பக்கத்தை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

திரை கறுத்தது. கறுப்பாகவே நின்றது. வெங்கடாசலத்தின் கைத்தடி தரையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. சின்னண்ணன் அந்த வெள்ளை வரிக்காகக் காத்திருந்தார். வந்துவிடும் என்றே நினைத்தார். அதற்குப் பதிலாகத் திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. பிறகு சௌந்தர்யா வைத்திருந்த மலைப் படம் வந்தது. கேமராப் புரோகிராம் தானாகத் திறந்து, பட்டறையின் நான்கு மூலையும் நான்கு கட்டமாகத் தெரிந்தன. குணசீலன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மணி பன்னிரண்டு ஐம்பது. பச்சமுத்துவையே நாற்காலியில் உட்காரச் சொன்னார் சின்னண்ணன். அவன் விரலே எதைத் தொட வேண்டுமோ தொடட்டும் என்றார். அன்புச்செல்வி பக்கத்தில் நின்று காட்ட, அவன் செவ்வாய்க்கிழமை ஐந்து மணியில் தொடங்கி ஓட்டினான்.

செங்காவி லாரி கொட்டகைக்குள் நின்றது. பின்கதவில் இரண்டு வெல்டர்கள், பக்கத்தில் குணசீலன். ஐந்தே கால், ஐந்தரை, ஆறு மணி. லாரி அசையவில்லை. ஒருதடவை குணசீலன் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பி வந்தான், அவ்வளவுதான். பச்சமுத்து பின்னுக்குப் போய் மறுபடியும் ஓட்டிப் பார்த்தான். மூன்றாம் தடவையும் ஓட்டினான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

கேட் கேமராவைப் போடு என்றாள் அங்கம்மாள். அதில் ரோடு தெரிந்தது. ஐந்து இருபத்தேழுக்கு நாமக்கல் பக்கத்திலிருந்து வேறொரு லாரி கேட்டைத் தாண்டிக் கிழக்கே போனது. அதுவும் ரெட் ஆக்சைடு. பாடி இன்னும் நீளம், கேபினுக்கு மேலே கேரியர் வேறு. எந்தப் பட்டறையுடையது என்று அந்தப் படத்தில் தெரியவில்லை. பச்சமுத்து திரையை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தான்.

அன்புச்செல்வி இரண்டு பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தாள். ஒன்றைப் பச்சமுத்து வாங்கினான், மற்றதை வெங்கடாசலம் வாங்கினார். போலீசுக்குப் போகும்போது நானும் வாரேன், கேட் கேமரா என்னுது, அதற்குச் சாட்சி நான்தான் சொல்லோணும் என்றார் சின்னண்ணன். பச்சமுத்து அவரை நிமிர்ந்து பார்த்தான். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. "வாங்க, வண்டியிலயே போயிரலாம்," என்று மட்டும் சொன்னான். வெங்கடாசலத்தையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் அன்றைக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

குணசீலன் கேட்டருகே நின்றிருந்தான். சின்னண்ணன் அவன் முகத்தைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

அன்றைக்குச் சின்னண்ணன் அங்கம்மாள் காலில் விழுந்து அழுதார் என்று எருமப்பட்டியில் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர் யார் காலிலும் விழவில்லை. அழவும் இல்லை. பிளக்கைப் பிடுங்கியதும் தான்தான், பொய் சொன்னதும் தான்தான் என்றார். எழுந்து நின்றுதான் சொன்னார்.